சாத்தன்

இலக்கண உரைகளில் ஓயாமல் வந்து போகிறவன் சாத்தன். ‘சாத்தன் வந்தான்’ என்றே உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருவார்கள். ஊருக்கு ஊர் வழங்கிய பெயர் என்பதே காரணம்.

சங்கப் புலவர்களில் பெருந்தலைச் சாத்தனார், மோசி சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் எனப் பலர் உண்டு. மணிமேகலை பாடியவர் சீத்தலைச் சாத்தனார். புறநானூற்றில் கீரஞ்சாத்தன் என்ற பாண்டியனும் வருகிறான். ஊர்ப்பெயரும் அடைமொழியும் சேர்ந்தே இவர்களைப் பிரித்துக் காட்டின. பெண்பால் வடிவம் ‘சாத்தி’. ஒக்கூர் மாசாத்தியார் பெண்பாற் புலவர்.

சொல்லின் பிறப்பில் இரு கருத்துகள் உண்டு. சாத்து என்பது வணிகக் கூட்டம்; அதிலிருந்து வந்தது என்பர் சிலர். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயர் இதற்குத் துணை. ‘சாஸ்தா’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் என்பர் வேறு சிலர். ஐயனாருக்கும் சாத்தன் என்ற பெயருண்டு. சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் தெய்வமாகவே வருகிறான்.

கடல் கடந்தும் போயிருக்கிறது இப்பெயர். எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில், தமிழ் பிராமி எழுத்தில், ‘சாதன்’ என்று பொறித்திருக்கிறது.