நேப்பிள்ஸ் நகரின் நேர்த்திக்கடன்

1527 ஜனவரி 13 அன்று நேப்பிள்ஸ் நகரத்தார் தங்கள் பாதுகாவலரான புனித ஜென்னாரோவோடு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அவர் மறைசாட்சியாகத் தலை வெட்டுண்டு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆனாலும் பேராலயத்தில், பத்திர எழுத்தர் முன்னிலையில், முறைப்படியே எழுதினார்கள். கொள்ளைநோயும் போரும் ஊரை அலைக்கழித்த காலம் அது. எங்களைக் காத்தருளினால் உமக்குப் புதுச் சிற்றாலயம் எழுப்புகிறோம் என்பது அவர்கள் தந்த வாக்கு.

பேராலயத்தின் வலப்புறம் உள்ள திருக்கருவூலச் சிற்றாலயத்தைப் பரோக் காலத்துப் பகட்டு என்று தள்ளிவிடுவோர் இந்தப் பத்திரத்தை மறந்துவிடுகிறார்கள். அங்கே குவிந்திருக்கும் பொன்னும் வெள்ளியும் பளிங்கும் ஊர்கூடிப் பட்ட கடனுக்கு ஊர்கூடிச் செலுத்திய காணிக்கை. அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அதன் அழகு பிடிபடும்.

கடன் தீர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தேயத்தீன் சபைத் துறவி பிரான்செஸ்கோ கிரிமால்டியின் வரைபடப்படி 1608-இல் அடிக்கல் நாட்டி, 1646-இல் அர்ச்சித்தார்கள். ஓவியப் பணிக்கு வெளியூர்க் கலைஞர்களை அழைத்ததை உள்ளூர் ஓவியர்கள் பொறுக்கவில்லை. குயிதோ ரேனி, தம் பணியாளர் தாக்கப்பட்டதும் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். தொமெனிகீனோ மிரட்டல்களுக்கு நடுவே பத்தாண்டு தீட்டி, வேலை முடியுமுன்னே 1641-இல் காலமானார். நஞ்சூட்டிவிட்டார்கள் என்று ஊர் பேசியது. குவிமாடத்தில் விண்ணகத்தை விரித்தவர் லான்பிராங்கோ.

வலப்பக்கப் பீடத்தில் ரிபேராவின் ஓவியம். வெளியூராரை எதிர்த்த கூட்டத்தில் அவரும் ஒருவர் என்பார்கள். அந்தக் கசப்பின் சுவடு இதில் துளியும் இல்லை. தம்மைத் தள்ளிய சூளையிலிருந்து புனிதர் தீக்காயமின்றி வெளிவருகிறார். சுற்றிலும் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்கிறார்கள். அவர் மட்டும் நிலைகுலையாமல் மேலே நோக்குகிறார். பின்னால் தெளிந்த நீல வானம். துணிக்குப் பதில் பெரிய செப்புத் தகட்டில் தீட்டியதால் வண்ணங்கள் இன்றும் மங்காமல் ஒளிர்கின்றன. அங்குள்ள படைப்புகளில் தலைசிறந்தது இதுவே என்பேன்.

புனிதரின் மார்பளவுச் சிலைக்கென 1713-இல் மத்தேயோ த்ரேலியா செய்த ஆயர் முடியில் 3,326 வைரங்கள், 164 மாணிக்கங்கள், 198 மரகதங்கள். இத்தனை செல்வத்துக்கு உரியவரிடம் மக்கள் காட்டும் உரிமையோ இன்னும் பெரிது. குப்பியில் உறைந்திருக்கும் அவரது இரத்தம் இளகும் என்று ஆண்டுக்கு மூன்று முறை காத்திருக்கிறார்கள். 'ஜென்னாரோவின் உறவினர்' எனப்படும் முதிய பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து உரக்கச் செபிப்பார்கள்; தாமதமானால், சிலையின் பொன்முலாம் பூசிய முகத்தைப் பார்த்து "மஞ்சள் மூஞ்சி" என்று ஏசவும் செய்வார்கள். சொந்தக்காரரைத்தானே இப்படி ஏச முடியும்!

இன்றும் இந்தச் சிற்றாலயத்தின் உரிமை நகரத்துக்கே. 1601-இல் அமைந்த பொதுநிலையினர் குழுவே வழிவழியாக அதைப் பேணுகிறது. 2016-இல் குழுவின் அமைப்பை மாற்ற அரசு முனைந்தபோது, மக்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசிக்கொண்டு பேராலயத்தின் முன் திரண்டார்கள்.