பெயர் எழுதப்பெற்ற வைத்தியரும் எழுதப்பெறாதோரும்

1672ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராகக் கொழும்புக்கு வந்த போல் ஹேர்மன், நகரைச் சூழ்ந்த பற்றைகளிலும் காடுகளிலும் செடிகொடிகளைத் திரட்டி, உலர்த்தித் தாள்களில் ஒட்டினார். பலவற்றின் அருகே சிங்களப் பெயரையும் ஒலிபெயர்த்து எழுதினார். அத்தொகுதியை இரவல் பெற்று ஆராய்ந்த லின்னேயசு, 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் இலத்தீன் நூலை வெளியிட்டார். இன்று அது இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது. ஹேர்மனின் பெயரும் லின்னேயசின் பெயரும் உலகறிந்தவை. செடியைக் காட்டி அதன் பெயரை உரைத்த கிராமத்தவரை அத்தொகுதி உலகுக்கு அறிமுகப்படுத்தவில்லை.

அதே கம்பனி, அதே காலம். ஆயினும் மலையாளக் கரையில் நிகழ்ந்தது சற்று வேறு. கொச்சியில் அதிகாரியாயிருந்த வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அம்ஸ்ரடாமில் அச்சேறியது. அதில் 742 செடிகள் விவரிக்கப்பட்டன. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் அந்நூலுக்குத் தாம் வழங்கிய செய்திகளை உறுதிப்படுத்தி, 1675இல் கோலெழுத்தில் எழுதிய சான்று முதற்றொகுதியிலேயே இடம்பெற்றது. இதனை வான் ரீட்டின் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சொல்லப்பட்ட செய்தி நம்பத்தக்கது என்று ஐரோப்பிய வாசகருக்கு நிறுவ அவருக்கும் சான்று தேவைப்பட்டது. எக்காரணம் பற்றியாயினும் பெயர் நிலைத்தது. பயனில் பங்கு என்னும் எண்ணமோ அன்று எவருக்கும் எழவில்லை.

அவ்வெண்ணம் நடைமுறைக்கு வர மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. வந்த இடம் அகத்தியமலை. அம்மலைத்தொடரின் கேரளப் பக்கத்தும் தமிழ்நாட்டுப் பக்கத்தும் வாழ்வோர் காணிகள். 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையில் அங்குச் சென்ற ஆய்வுக் குழுவினர் மலையேற்றத்தாற் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிய காணிகளோ சிறு காயொன்றை இடையிடையே மென்று தளர்வின்றி நடந்தனர். அது யாது என வினவியபோது முதலில் அவர்கள் உரைக்கவில்லை. அது குலத்தவர்க்குரிய மறைபொருள். வற்புறுத்தலின் பின்னரே மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி முதலியோர் ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் காட்டினர். அதன் தாவரவியற் பெயர் திரைக்கோபஸ் சேலானிக்கஸ் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பெயரில் இலங்கையைத் தாங்கிய செடியின் பயன் பொதியமலைக் காணிகளின் வாயிலாகவே ஆய்வுலகுக்கு எட்டியது.

பாலோடு வெப்பமண்டலத் தாவரவியற் பூங்கா ஆய்வு நிலையம் இச்செடியின் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விட்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கியது. 1995 நவம்பரில் அதன் உற்பத்தி உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. கட்டணம் 10 இலட்சம் ரூபா; விற்பனையில் நூற்றுக்கு 2 வீதம் உரிமைப் பங்கு. இவற்றிற் பாதி காணிகளுக்கு என நிலையம் முடிவு செய்தது. அவ்வாறு பகிரும்படி கட்டாயப்படுத்தும் சட்டம் அன்று இந்தியாவில் இல்லை. உயிரியற் பல்வகைமைச் சட்டம் 2002இலேயே பிறந்தது. 1997இற் காணிகளின் நலநிதியம் பதிவாகியது. 1999இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா அதனிடம் சேர்ந்தது. கட்டணத்தின் பாதியே 5 இலட்சம் என்பதை நோக்கின், விற்பனையால் வந்தது எத்துணைச் சிறிது என்பது புலனாகும்.

இவ்வேற்பாடு உலகெங்கும் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. 2002இல் குட்டிமாத்தன் காணி யொகன்னஸ்பேர்க்கில் ஐக்கிய நாடுகளின் விருதையும் பெற்றார். ஆயின் புகழுரைகள் மேலோட்டமாகக் கடந்துசெல்லும் ஒரு செய்தி உண்டு. காணிகளின் வழக்கில் மருத்துவ அறிவைப் பிறர்க்கு உணர்த்தும் உரிமை பிலாத்தி எனப்படும் குலவைத்தியர்க்கே உரியது. 1995இல் பிலாத்திகள் ஒன்பதின்மர் தம் அறிவு தனியார்க்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்கு மடல் எழுதினர். அறிவு ஒரு சமூகத்தினது எனின், அச்சமூகத்தின் சார்பிற் பேசுவோர் யார் என்னும் வினாவை அம்மடல் எழுப்பியது. வினா நியாயமானதே. வழிகாட்டிகளையும் நிதியத்தையும் முன்னிறுத்தியோர் பிலாத்திகளை உரியவாறு கலந்திருப்பின் பிணக்குக் குறைந்திருக்கும்.

வேறு தடைகளும் நேர்ந்தன. இயல்பான காட்டுச் சூழலிலேயே செடியின் மருத்துவக் குணம் நன்கு நிலைபெறும். காட்டிலோ இலை பறிப்பதற்கு வனத்திணைக்களம் தடை விதித்தது. இதனால் காணிக் குடும்பங்களின் பயிர்ச்செய்கையும் இடர்ப்பட்டது. கடல் கடந்து ஐக்கிய அமெரிக்க நிறுவனமொன்று 'ஜீவனி' என்னும் பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது.

இலங்கையிலும் ஒத்த கதையொன்று உண்டு. கொத்தலஹிம்புட்டு என்னும் கொடியின் மரத்தாற் கோப்பை கடைந்து, இரவில் நீர் ஊற்றி வைத்து, காலையிற் பருகுதல் நீரிழிவுக்குச் சிங்களக் கிராமத்தவர் கண்ட மருந்து. 1997இல் யப்பானிய ஆய்வாளர் அக்கொடியிலிருந்து குருதியிற் சீனி ஏறுவதைத் தடுக்கும் சேர்மமொன்றைப் பிரித்தெடுத்தனர். சலாசியா என்னும் பேரினப் பெயரை ஒட்டி அதற்குச் சலாசினோல் எனப் பெயரிட்டனர். கொழும்புக் கடைகளில் அக்கோப்பை இன்றும் விலைக்குக் கிடைக்கிறது.