பிறந்தநாளுக்குள் ஒரு மீன்

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் பட்டாச்சாரியார். மார்கழி மாதம், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில். என்னோடு நின்ற நண்பர் ஜெர்மனியில் பிறந்தவர், பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கல்தச்சர்களின் வேலையைப் பார்க்க வந்து, ஒரு மாதமாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அன்று அவருக்குப் பிறந்தநாள். தேதி தெரிந்திருந்தது, நட்சத்திரம் தெரியவில்லை. வெளிப் பிராகாரத்துக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தார்.

"மகமடா. இண்டைக்கில்லை, நாளையிண்டைக்கு. உங்க விடியத் தொடங்குது, எங்கட நேரத்துக்கு நாளைக்கு ராவே வந்திடும்."

பிறந்தநாள் அன்றே பிறந்த நாள் வரவில்லை என்கிறார் அம்மா. முரண்போலத் தோன்றினாலும், தமிழ்ச்சொல்லின் கணக்குப்படி அவர் சொன்னதே சரி. 'நாள்' என்ற சொல்லுக்கு நட்சத்திரம் என்றும் பொருள் உண்டு. நிலையாக நிற்கும் இருபத்தேழும் நாண்மீன், இடம் மாறிக்கொண்டே இருப்பவை கோள்மீன் என்று பழந்தமிழர் வானத்தைப் பிரித்தார்கள். 'நாளும் கோளும்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த நாள் கிழமையல்ல, மீன். கல்வெட்டுகளில் கிழமையைச் சொல்லி, அது 'பெற்ற' நாள் என்று ரோகிணியையோ உத்திரத்தையோ சேர்த்து எழுதுவார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கையில் முதலில் வரும் தினப் பொருத்தத்தையும் கவனியுங்கள். அதில் எண்ணுவது தினத்தை அல்ல. பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளையின் நட்சத்திரம் வரைக்கும் எண்ணுகிறார்கள். 'நாள்' வடமொழி வேடம் பூண்டு அங்கே நிற்கிறது.

ஒரே சொல் இரண்டையும் குறித்ததற்குக் காரணம் நிலா என்றே நினைக்கிறேன். வானத்தை ஒருமுறை சுற்றிவர நிலாவுக்கு ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. ஒரு மீனோடு ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் தங்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. நிலா இன்றைக்கு யார் வீட்டில் என்று கேட்டாலே இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டதாகிவிடும். ஆங்கிலத் தேதி பள்ளிக்கூடப் பதிவேட்டோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் பிறந்தநாளுக்குள் இருந்த மீன் நம் கண்ணிலிருந்து மறைந்தது.

கொண்டாட்டத்துக்கும் தனிப் பெயர்கள் இருந்தன. அரசன் பிறந்தநாள் விழாவைத் தொல்காப்பியம் பெருமங்கலம் என்கிறது. பின்வந்த இலக்கணங்களில் அது நாண்மங்கலம். அன்று அரசன் வெள்ளாடை உடுப்பதால் வெள்ளணி. சினத்தை ஒதுக்கி, சிறையில் இருப்போரை விடுவிக்கும் நாள் அது. ஆயிரம் ஆண்டு கழிந்தும் ராஜராஜனுக்கு ஐப்பசிச் சதயம், ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை என்றுதான் விழா எடுக்கிறோம். எந்தத் தேதி என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. கடல்மல்லையில் பிறந்த பூதத்தாழ்வாருக்கு ஐப்பசி அவிட்டம் திருநட்சத்திரம். முந்தைய நட்சத்திரமான திருவோணம் காஞ்சிப் பொய்கையாழ்வாருடையது, அடுத்துவரும் சதயம் மயிலைப் பேயாழ்வாருடையது. மூவரும் சந்தித்துக்கொண்டது தங்கள் ஊர் எதிலும் இல்லை. திருக்கோவலூரில், மழை இரவில், யாரோ ஒருவர் வீட்டு இடைகழியில். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம். (நம் பாட்டிமார் சொல்லும் 'ரேழி' இந்த இடைகழியின் தேய்வுதான்.) அந்நிய ஊரில் தோளோடு தோள் நின்றவர்களின் பிறந்தநாள்கள் ஐப்பசி தோறும் அடுத்தடுத்து வருவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அர்ச்சனை மகத்துக்கே நடந்தது. இரவு மொட்டை மாடியில் கேக். கடல்காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை; என் மனைவி முறத்தைச் சாய்த்து மறைத்துப் பிடித்த பிறகுதான் அவரால் ஊத முடிந்தது. எட்டு மணி வாக்கில், பௌர்ணமி கழிந்து சற்றே ஓரம் தேய்ந்த நிலா கடலிலிருந்து மேலே வந்தது. இப்போது அது பூசத்தில் இருக்கிறது, நாளைக்கு ஆயில்யம், அதற்கப்புறம் உங்கள் மகம் என்று காட்டினேன். "மகம் எங்க?" என்றார். இன்னும் தண்ணீருக்குக் கீழே என்றேன். அவர் பாயை விரித்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்துவிட்டார். கேக்கை மூடிவைத்துவிட்டு நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம். பத்து மணிக்கு, நிலாவுக்கு நேர் கீழே, மீன்பிடிப் படகின் விளக்கோ என்று ஐயுறும்படி ஒரு வெள்ளைப் புள்ளி அலைக்கு மேல் ஏறியது. படகு விளக்கு அப்படி மேலே ஏறாது.