ஆள் யார் கையில், சொத்து யார் கையில்?



சென்ற மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு போன் செய்தீர்கள். ஒருவருடைய அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. கையெழுத்துப் போடவும் தெரியவில்லை. இன்னொருவருடைய மகன் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவன். அவனுக்கு 18 வயது முடியப்போகிறது. மூன்றாமவரின் தம்பி விபத்துக்குப் பிறகு நினைவு திரும்பாமல் படுத்திருக்கிறார். "சார், இவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலர் யார்?" என்று கேட்டீர்கள்.

நான் வக்கீல் அல்ல, வரலாற்று ஆசிரியர். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது தெரிந்தால் இன்றைய சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் படியுங்கள்.

பழைய நூல்களில் இருந்தே தொடங்குவோம். மைனர் பிள்ளையின் சொத்தை அவன் வளரும்வரை ஊர்ப் பெரியவர்கள் பெருக்கிக் காக்க வேண்டும் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். சித்தம் கலங்கியவர் விஷயத்தில் மனுஸ்மிருதி வேறு வழியில் போகிறது. பிறவிக் குருடர், செவிடர், ஊமை, பைத்தியம் இவர்களுக்கெல்லாம் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது. பங்கு பெற்றவர்கள் இவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். சொத்தே கையில் இல்லாதவருக்கு அதைக் காக்க ஆள் எதற்கு? பிரச்சினை அங்கேயே முடிந்துவிட்டது.

இங்கிலாந்தில் வேறு ஏற்பாடு. 13, 14-ஆம் நூற்றாண்டுகளிலேயே அங்கு இரண்டு வகையாகப் பிரித்தார்கள். பிறவியிலேயே அறிவு வளராதவர் என்றால், அவருடைய நிலத்தை மன்னர் எடுத்துக்கொள்வார். அவருக்குச் சாப்பாடு முதலியவை போக மிஞ்சிய வருமானம் மன்னருக்கு. நடுவில் புத்தி பேதலித்தவர் என்றால், அவர் தேறக்கூடும். ஆகவே மன்னர் அந்த நிலத்தைக் காக்கலாம், லாபம் எடுக்கக் கூடாது. தேறியதும் திருப்பித் தர வேண்டும். குடிகளுக்கு மன்னரே தந்தை என்பது இதன் அடிப்படை. தந்தையின் கண் முதலில் நிலத்தின் மேல் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

இந்த ஏற்பாடுதான் கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பல் ஏறி நம் ஊருக்கு வந்தது. 1804-இல் சென்னை மாகாணத்தில் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' ஒழுங்குமுறை கொண்டுவரப்பட்டது. ஒரு ஜமீன்தார் மைனராகவோ, நிர்வாகம் செய்ய முடியாத பெண்ணாகவோ, சித்த சுவாதீனம் இல்லாதவராகவோ இருந்தால், ஜமீனை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். ராமநாதபுரம் ஜமீன் 1873-இல் இப்படித்தான் அரசின் கைக்குப் போனது. சிறுவராக இருந்த பாஸ்கர சேதுபதி வளர்ந்து 1889-இல் அதைப் பொறுப்பேற்றார். வாரிசைப் படிக்க வைத்தார்கள், கடனை அடைத்தார்கள், உண்மைதான். ஆனாலும் அரசுக்கு வரவேண்டிய பேஷ்குஷ் தவணை தவறாமல் வந்துசேர வேண்டும் என்பதே முதல் கவலை. ஏழையின் வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் இந்தக் கோர்ட் எட்டிப் பார்க்காது.

இனி ஒரு மனிதரின் கதை.

மீரட் பக்கம் சர்தானா என்ற ஊர். அதை ஆண்டவர் பேகம் சம்ரு. அவர் தத்தெடுத்து வளர்த்த பிள்ளை டேவிட் ஆக்டர்லோனி டைஸ் சோம்ப்ரே. 1836-இல் பேகம் இறந்ததும் ஜாகீரைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மற்ற பெருஞ்செல்வம் டைஸ் சோம்ப்ரேக்கு வந்தது. அவர் லண்டன் போனார். 1840-இல் ஒரு பிரபுவின் மகளை மணந்தார். 1841-இல் சட்பரி தொகுதியில் வென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார். லஞ்சக் குற்றச்சாட்டில் மறு வருடமே அந்தத் தேர்தல் செல்லாமல் போனது.

பிறகு வீட்டில் புயல். மனைவியின் நடத்தை மேல் சந்தேகம். கண்டவர்களையெல்லாம் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். 1843-இல் விசாரணைக் குழு அவரைச் சித்தம் கலங்கியவர் என்று தீர்மானித்தது. சொத்து நீதிமன்றத்தின் பிடிக்குள் போனது. அவர் பாரிசுக்குத் தப்பினார். அங்கிருந்த மருத்துவர்கள் பரிசோதித்து, 'இவர் தெளிவாகத்தான் இருக்கிறார்' என்று சான்று கொடுத்தார்கள். அதே மனிதர், அதே வருடங்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் தெளிந்தவர், அந்தப் பக்கம் பைத்தியம்! தம் மேல் சுமத்தப்பட்டதை மறுத்து 1849-இல் பெரிய புத்தகமே வெளியிட்டார். பலிக்கவில்லை. 1851-இல் இறந்தார். சொந்த ஊரில் பள்ளி வைக்கச் சொல்லி எழுதிய உயிலும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

அவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்திருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒருமுறை 'சுவாதீனம் இல்லாதவர்' என்ற முத்திரை விழுந்ததும், அவர் சொன்ன எதற்கும் எடை இல்லாமல் போயிற்று. 'நான் தெளிவாக இருக்கிறேன்' என்று சொல்வதே நோயின் அடையாளமாகிவிட்டால், ஒருவர் எதை வைத்துத் தம்மை நிரூபிப்பார்?

1858-இல் இந்தியாவுக்கென்று தனிச் சட்டங்கள் வந்தன. மாவட்ட நீதிமன்றமே விசாரித்துப் பொறுப்பாளரை நியமிக்கலாம் என்றாயிற்று. பிறகு 1912-ஆம் வருடச் சட்டம். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆளைப் பார்த்துக்கொள்ளும் பாதுகாவலர் வேறு, சொத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் வேறு என்று பிரித்தார்கள். அடுத்த வாரிசாக இருப்பவரை ஆளுக்குப் பாதுகாவலராக நியமிக்கக் கூடாது. நியமித்துத்தான் ஆக வேண்டும் என்றால் நீதிபதி காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

ஏன் இப்படி? இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 18-ஆம் நூற்றாண்டிலேயே இதை விளக்கியிருக்கிறார். வாரிசு சொத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வான், நாளை அது தனக்கு வரப்போவதால். அதே காரணத்தால் ஆளை அவனிடம் விடக் கூடாது. ஆள் சீக்கிரம் போனால் அவனுக்குத்தானே லாபம்! வேலியே பயிரை மேயும் என்பது நமக்குத் தெரிந்த பழமொழி. அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

நம் பழைய விதியும் மெல்ல மாறியது. 1928-இல் வந்த சட்டம், பிறவியிலேயே சித்த சுவாதீனம் இல்லாதவரைத் தவிர மற்றவர்களுக்குப் பங்கு உண்டு என்றது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் மீதித் தடையையும் நீக்கியது. நோயோ ஊனமோ இருப்பதால் எவருக்கும் பங்கு மறுக்கக் கூடாது என்றாயிற்று. மனுவின் கதவு சட்டப்படி மூடியது அன்றுதான்.

கடைசித் திருப்பம் 2006-இல். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை, சட்டத்தின் முன் எல்லோரும் சமமான ஆட்கள் என்றது. ஒருவருக்கு முடிவெடுக்கச் சிரமம் இருந்தால் உதவி செய்யுங்கள், அவரை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்காதீர்கள் என்பது அதன் போக்கு. 2007-இல் இந்தியா அதை ஏற்றது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவல்' என்பது, பாதுகாவலரும் அவரும் சேர்ந்து, ஒருவரையொருவர் நம்பி முடிவெடுப்பது.

இனி உங்கள் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

மகனுக்கு 18 முடிந்தால், பெற்றோர் தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 1999-ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். நியமனம் ஆனால் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், வருடந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். பெற்ற தாயிடமே கணக்கா என்று கோபப்படாதீர்கள். அந்த விதி உங்களுக்காக எழுதியதல்ல. உங்களுக்குப் பிறகு வரப்போகிறவருக்காக.

நினைவில்லாமல் இருப்பவர், மறதி நோய் முற்றியவர் விஷயம் கடினம். 1987-ஆம் வருட மனநலச் சட்டத்தில் சொத்து நிர்வாகத்துக்கு ஓர் அத்தியாயம் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் வருடச் சட்டம் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறது. சொத்துக்கு அதில் வழி இல்லை. அதனால் குடும்பங்கள் உயர்நீதிமன்றத்துக்குப் போகின்றன. 2019-இல் கேரள உயர்நீதிமன்றம் கோமா நோயாளிகளுக்கு நெறிமுறை வகுத்தது. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு மனைவியைக் கோமாவில் இருக்கும் கணவருக்குப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்க அனுமதி கொடுத்தது. அதில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாகப் போடச் சொன்னது. மன்னர் தந்தையாக இருந்த இடத்தில் இன்று உயர்நீதிமன்றம் இருக்கிறது.

"பவர் எழுதி வாங்கிவிட்டோம் சார், போதாதா?" என்று கேட்டவருக்கு: போதாது. கொடுத்தவரின் சித்த சுவாதீனம் போனால் பவரும் போய்விடும். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே தெளிவாக இருக்கும்போதே உயிலோ டிரஸ்ட்டோ எழுதுங்கள். மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், யார் என் சார்பில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2017-ஆம் வருடச் சட்டம் இடம் தருகிறது. நல்ல வக்கீல் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இத்தனை நூற்றாண்டுச் சட்டங்களும் சொத்தை யார் பார்ப்பது, ஆளை யார் பார்ப்பது என்றே கேட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சட்டத்துக்கு இவ்வளவு காலம் பிடித்தது. உங்கள் வீட்டில் அதைக் கேட்க எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட வேண்டியதில்லை. மறதி முற்றிய அம்மாவுக்கும் எந்த அறையில் படுக்கப் பிடிக்கும், யார் கையால் சாப்பிடப் பிடிக்கும் என்று இருக்கும். கேளுங்கள்.

உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.