மலையகப் பங்களாக் குசினியும் வெண்ணெய் விசுக்கோத்தும்

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோப்பியினின்றோ தேயிலையினின்றோ தொடங்கி, கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் என்னும் வழியிலேயே செல்வர். அவை முதன்மை பெறுவது முறையே. ஆயின் துரைமாரின் பங்களாக்களுக்குப் பின்புறத்தே, புகை படிந்த சுவர்களுடன் நின்ற குசினிகளிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அவ்வுழைப்புப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். அக்குசினியில் உருவான ஒரு பண்டத்தை, அதாவது மா, வெண்ணெய், சீனி ஆகிய மூன்றினால் மட்டுமே ஆகும் ‘ஷோர்ட்பிரெட்’ என்னும் விசுக்கோத்தை முன்னிறுத்தி, அவ்வுழைப்பின் வரலாற்றைச் சிறிது நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பண்டத்தின் தாயகம் ஸ்கொத்லாந்து. ‘ஷோர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈண்டுக் குறுகியது என்பது பொருளன்று. எளிதில் நொறுங்குவது என்பதே பொருள். ஆதியில் ஓட்ஸ் மாவினாற் செய்யப்பட்டுப் பின்னர் கோதுமை மாவுக்கு மாறியது என்பர். பதினாறாம் நூற்றாண்டின் மேரி அரசியாருடன் இதனைத் தொடர்புபடுத்தும் கதையும் உண்டு. அரசியரின் பெயரால் மதிப்புயரும் பண்டங்கள் எந்நாட்டிலும் உண்டாதலின் அதனை விடுத்து மேற்செல்லலாம். ஸ்கொத்லாந்துத் திருச்சபை நத்தார் கொண்டாட்டத்தை நெடுங்காலம் ஊக்குவியாதிருந்தமையால், அந்நாட்டவர்க்குப் புத்தாண்டே பெருவிழாவாயிற்று. நத்தார் அங்குப் பொது விடுமுறையானதே 1958ஆம் ஆண்டிலேதான். புத்தாண்டு நள்ளிரவுக்குப் பின் வீட்டுக்கு முதல்வரும் விருந்தினர் கையிற் கொண்டு வரும் பொருள்களுள் இவ்விசுக்கோத்தும் ஒன்று.

இப்பண்டம் நம் மலைகளுக்கு வந்தமைக்குக் காரணம் தெளிவு. தோட்டத்துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தினர். 1852இல் இலங்கை வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் கின்காடின்ஷயரைச் சேர்ந்தவர். 1890இல் இங்குத் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டனோ 1871இல் கிளாஸ்கோ நகரிற் கடை திறந்து பன்றியிறைச்சியும் முட்டையும் வெண்ணெயும் விற்றுப் பொருளீட்டியவர். டன்சினேன், ஹோலிரூட், எடின்பரோ என்று நம் தோட்டங்கள் இன்றும் தாங்கிநிற்கும் பெயர்களே இதற்குச் சான்று பகரும்.

மலைநாட்டின் தட்பமும் இப்பண்டத்துக்குத் துணைநின்றது. ஏறத்தாழ 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் வெண்ணெய் கையிற் பட்டவுடன் உருகி ஓடுவதில்லை. சாமுவேல் பேக்கர் 1848இல் ஆங்கிலேய மாடுகளையும் ஆடுகளையும் கொணர்ந்து பண்ணை நடத்த முயன்ற இடமும் அதுவே. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பின்னர், மா மூடைகளும் பேணியில் அடைத்த வெண்ணெயும் மேலேறி வருவது எளிதாயிற்று.

சொற்கள் பற்றியும் ஒன்று கூறவேண்டும். குசினி, பாண், விசுக்கோத்து, போறணை என நாம் வழங்குஞ் சொற்கள் போர்த்துக்கேயர் வழி வந்தவை. ஆகவே மாவைப் போறணையில் வாட்டும் கலையின் சொற்றொகுதி, ஸ்கொத்லாந்தினர் மலையேறுவதற்கு ஈரிரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கரையோரத் தமிழில் வேரூன்றிவிட்டது. மலையகத்தில் வந்த புதுப் பண்டத்துக்கோ தனிப்பெயர் எதுவும் நிலைக்கவில்லை. உண்டவர் வேறு, செய்தவர் வேறு என்றிருந்தமையே அதற்குக் காரணம் என நான் கருதுகின்றேன். தம் வீட்டிற் செய்யாத பண்டத்துக்கு மக்கள் பெயர் தேடுவதில்லை.

அதனைச் செய்தவர் கோக்கி. துரைசானி ஆங்கிலத்திற் சொல்ல, அப்பு அதனைத் தமிழாக்க, கோக்கி கைப்பக்குவமாக்கினார். 1929இல் ஹில்டா டியூட்ரம் பதிப்பித்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல் போன்றவை ஆங்கிலமறிந்த இல்லங்களுக்கு உரியவை. எழுத்தறியாத கோக்கிக்கு அவற்றாற் பயனில்லை. என் தாய்வழிப் பாட்டனார் டிக்கோயாப் பகுதியிற் கோக்கியாக இருந்தவர். சீனி கால் இறாத்தல், வெண்ணெய் அரை இறாத்தல், மா முக்கால் இறாத்தல் என்னும் அளவை அவர் வாய்பாடு போல ஒப்புவிப்பார். ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்னும் இவ்விகிதம் ஸ்கொத்லாந்தின் பழைய விகிதமேயாகும். வெண்ணெயையும் சீனியையும் குழைத்து, மாவை விரல்நுனியாற் சேர்த்து, தண்ணீர் துளியும் படாது ஒன்றுகூட்ட வேண்டும். பிசைதல் ஆகாது. தட்டிற் பரப்பி, முள்ளுக்கரண்டியாற் குத்தி, தணிந்த சூட்டில் முக்கால் மணி நேரம் வரை வைக்க வேண்டும். வெப்பமானி இல்லாத விறகுப் போறணையில் ஒரு சிட்டிகை மாவைத் தட்டிலே தூவி, அது சிவக்கும் வேகங்கொண்டு சூட்டை அறிவார். மா உடனே கருகினால் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். விசுக்கோத்துச் சிவந்துவிட்டால் அது பங்களா மேசைக்குச் செல்லாது. வெளிர்நிறத்திலேயே வெந்திருக்க வேண்டும். சிவந்தவை லயத்துக்கு வந்தன என்றும், தம் பிள்ளைகள் அப்பண்டத்தின் உண்மை நிறமே அதுவென்று எண்ணியிருந்தனர் என்றும் அவர் கூறியதுண்டு.

ஈண்டு ஓர் ஒப்பீடு நோக்கற்பாலது. லயத்தில் அன்றாட உணவான ரொட்டியும் அதே கோதுமை மாவினாலானதே. கோதுமை மாவிலுள்ள புரதம் நீருடன் சேர்ந்து பிசையப்படுகையில் இழுபடும் வலைபோன்ற பசையாகின்றது. ரொட்டிக்கு வலிமை தருவது அப்பசையே. கொழுந்து மலைக்குத் துணியிற் சுற்றி எடுத்துச் சென்றாலும் அது உடையாது, நண்பகல் வரை பசியும் தாங்கும். வெண்ணெயோ மாத்துகளைச் சூழ்ந்து நீரைத் தடுத்து, அவ்வலை உருவாகாமற் செய்கின்றது. ஆகவே காலையில் தன் லயத்தில் மாவை அழுத்திப் பிசைந்த கைகளே, பிற்பகலிற் பங்களாவில் அதே மாவைப் பிசையாதிருக்கப் பழக வேண்டியிருந்தது.

மா லயத்தை அடைந்த வரலாறும் வேறு. தொடக்கத்தில் தோட்டத்தார்க்கு வழங்கப்பட்டது அரிசி. அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகியதும் அரிசி இறக்குமதி முறிந்து, பங்கீடு வந்து, அரிசியின் இடத்திற் கோதுமை மா நுழைந்தது. போர் முடிந்த பின்னும் ரொட்டி நிலைத்தது. 1973–74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறிப் பங்கீடு குறைக்கப்பட்டபோது, உணவனைத்தையும் விலைக்கே வாங்கி உண்ட தோட்டமக்கள் பட்டினிக்கு ஆளாயினர். 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. அக்காலத்தைப் பற்றிப் பாட்டனார் அதிகம் பேசியதில்லை. பங்களா மாப்பெட்டியின் சாவி தம் இடுப்பில் இருந்தது என்று மட்டும் ஒருமுறை கூறினார்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் பின் வெள்ளைத்துரைமார் அகன்றனர். கோக்கிமார் சிலர் விடுதிகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் சென்றனர். 1980இல் திருகோணமலையிற் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியதும் மா உள்நாட்டிலேயே அரைக்கப்பட்டது. இன்று தோட்டக் குடும்பங்கள் சிலவற்றில் சிறு மின்போறணை உண்டு. தீபாவளிக்கு முறுக்குடன் வெண்ணெய் விசுக்கோத்தும் தட்டில் இடம்பெறக் காண்கிறோம். வெண்ணெய் விலை எட்டாமையால் மாஜரின் சேர்ப்பதே பெருவழக்கு. சிலர் நொறுநொறுப்புக்குச் சிறிது அரிசி மாவும் கலப்பர், அது ஸ்கொத்லாந்திலும் உள்ள வழக்கமே. சுவை சற்றுத் தாழ்ந்ததுதான் என்பதை மறைப்பதற்கில்லை. என் தாயார் அதனைச் செய்கையில் மாத்திரம், தட்டின் ஓரத்துத் துண்டுகள் சிவக்கும் வரை வெளியே எடுப்பதில்லை.