துருப்பிடித்த துப்பாக்கிகளும் ஒரு ராஜ்யமும்

இருநூறு வருடம் பழைய கைத்துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்து, "இது நல்ல வேலைப்பாடா?" என்று யாராவது கேட்டால் எதைப் பார்ப்பீர்கள்? பெரும்பாலோர் பார்ப்பது பிடியில் உள்ள வெள்ளிப் பூ வேலையைத்தான். விவரம் தெரிந்தவர் முதலில் குழலைப் பார்ப்பார்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் தோட்டா பின்பக்கமாகப் போகாது. வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கோலால் கெட்டிக்க வேண்டும். குதிரையில் சக்கிமுக்கிக் கல் பிடிபட்டிருக்கும். விசையை இழுத்தால் அது எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறந்து, சிறு துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். வெடித்த பிறகு குழலுக்குள் தங்கும் கசடு ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் துருதான். நம் யாங்கோன் மழையில் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்!

ஆகவே நல்ல துப்பாக்கிக்கு அடையாளம்: உள்ளே அரிப்புக் குழிகள் இல்லாத குழல், அடிப்பக்கம் இறுக மூடியிருக்கும் திருகு, பாதி இழுத்து நிறுத்தினால் வழுக்காமல் நிற்கும் குதிரை. இங்கிலாந்தில் புதுக் குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்தைப் போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். இதற்காகவே 1813-இல் பர்மிங்காமில் ஒரு சோதனைச் சாலைக்குச் சட்டம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் துப்பாக்கிகளில் தன் அடையாளத்தைப் போட்டது. முதலில் இதய வடிவம், பிறகு நிமிர்ந்து நிற்கும் சிங்கம். அந்தக் கம்பெனித் துப்பாக்கி எளிமையானது, மலிவானது. ஆனாலும் 1790-களில் போருக்கு ஆயுதம் போதாமல் தவித்த பிரிட்டிஷ் அரசே அதை வாங்கித் தன் படைக்கும் கொடுத்தது. அழகுக்கும் உறுதிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேடத் தேவையில்லை.

அழகும் உறுதியும் சேர்ந்து வந்தது மைசூரில். திப்பு சுல்தானின் பட்டறைகளில் செய்த கைத்துப்பாக்கிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. புலி வரி, புலி முகம், செய்த ஊர், அவருடைய சொந்த ஆண்டுக் கணக்கு எல்லாம் அவற்றில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஜோடியாகச் செய்தவை. ஒன்றில் விசைப்பொறி வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். ஒரே பொறியை இரண்டு தடவை செய்வதைவிட இது கஷ்டமான வேலை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது வெள்ளைக்காரர்கள் போட்டி போட்டு எடுத்துப்போன பொருட்களில் இந்தத் துப்பாக்கிகளும் இருந்தன.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 1795-இல் மைக்கேல் சைம்ஸ் என்ற ஆங்கிலேயத் தூதர் போதவ்பயா அரசரின் நாட்டுக்கு வந்தார். பர்மியர்கள் தங்கள் துப்பாக்கிகள் மேல் மிகுந்த பிரியம் வைத்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலானவை எந்தக் கொல்லனாலும் சரிசெய்ய முடியாத அளவு கெட்டவை என்று எழுதினார். வெளிநாட்டில் கழித்துப் போட்ட சரக்குதான் வியாபாரக் கப்பல்களில் இங்கே வந்து சேர்ந்தது. தூதர் எழுதியதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கழிவை விலை கொடுத்து வாங்கும் நிலைமை ஏழை நாடுகளுக்குப் புதிதல்ல.

1824 மே மாதம் கம்பெனிப் படை ரங்கூனில் இறங்கியது. ஷ்வேப்யிதாவிலிருந்து லைங் ஆற்றோடு தெற்கே போனால் வரும் கெமண்டைனில் பர்மியர் மரக்கோட்டை கட்டி நின்றார்கள். ஜூன் மாதம் முதல் தாக்குதலைத் திருப்பியடித்தார்கள். பிறகுதான் கோட்டை விழுந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தனுபியூவில் தளபதி மகா பந்துலா இறந்தார். தோல்விக்குத் துப்பாக்கி மட்டும் காரணமில்லை. எதிர்ப்பக்கம் பீரங்கி இருந்தது, ராக்கெட் இருந்தது, டயானா என்ற நீராவிக் கப்பலும் இருந்தது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கம்பெனிப் படையில் குண்டைவிட அதிகம் பேரைக் கொன்றன.

அந்தப் படையில் பெரும் பகுதி சென்னையிலிருந்து கப்பலேறியது. சோதித்து முத்திரையிட்ட அந்தத் துப்பாக்கிகளைத் தூக்கி வந்த சிப்பாய்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்தார்கள். நாம் இங்கே வந்த கதையை மூட்டை தூக்கியதிலிருந்தும், வயல் வேலையிலிருந்தும், செட்டியார் கடையிலிருந்தும்தான் வீட்டில் சொல்வார்கள். இந்தப் பக்கத்தை யாரும் சொல்வதில்லை. பர்மிய நண்பன் பள்ளியில் பந்துலாவைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது நமக்கு என்ன தோன்ற வேண்டும்? எனக்கு இரண்டு பக்கத்து வலியும் தெரிகிறது.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி இந்த நாட்டில் இன்னும் சாகவில்லை. மேற்கு மலைகளில் சின் மக்கள் வேட்டைக்கு வைத்திருக்கும் தூமி அந்த வகைதான். 2021-இல் அந்தப் பெயரை நீங்களும் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் பறவை சுட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிதான்.