கொழும்புக் குமாரசுவாமி – பொன்னம்பலம் குடும்பத்தாரின் சமய எழுத்துகள்

சேர் முத்துக் குமாரசுவாமி (1834–1879), அவருடைய சகோதரியின் புதல்வர்களான சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930), சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924), முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி (1877–1947) ஆகியோர், சமய நூல்களை ஆழ்ந்து கற்று, அவற்றைத் துறைசாராத வாசகருக்கும் விளங்கும்படி எழுதிய கொழும்புத் தமிழ்க் குடும்பத்தினர் ஆவர்.

இவர்கள் எழுத முற்பட்ட காலம் சமயவாதங்கள் மிக்க காலமாகும். கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமையைச் சேர்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறித்தவப் போதகருடன் பாணந்துறையில் வாதிட்டது 1873இல் நிகழ்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், சைவரான முத்துக் குமாரசுவாமி, புத்தரின் உரையாடல்களைக் கொண்ட சுத்த நிபாதத்தின் பகுதிகளையும், தந்ததாதுவின், அதாவது புத்தரின் புனிதப் பல்லின், வரலாறு கூறும் தாதாவம்சத்தையும் பாளியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டார்.

கொச்சிக்கடையில் தந்தையார் நிறுவிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கருங்கல் திருப்பணியாகப் புதுக்கிய இராமநாதன், 'ஸ்ரீ பரானந்தர்' என்னும் பெயரில் மத்தேயு நற்செய்திக்கும் (1898) யோவான் நற்செய்திக்கும் (1902) ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினார். இயேசுவின் போதனையை ஞானயோகத்தின், அதாவது மெய்யறிவால் வீடடையும் நெறியின், ஒளியில் ஆராயும் இந்நூல்கள், கிறித்தவ மறையைச் சைவ அனுபவத்தோடு பொருத்திக் காட்டுகின்றன. அமெரிக்காவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1906இல் நூலுருப் பெற்றன; 1914இல் பகவத்கீதைக்குத் தமிழ் உரை வெளியிட்டார்.

அருணாசலம் கதிர்காம முருக வழிபாட்டைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை, 1924இல் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளிவந்தது. கருவறையில் திருவுருவம் இல்லாது பேழையில் வைக்கப்பட்ட யந்திரமே, அதாவது மந்திரக் கோடுகள் பொறித்த தகடே, வழிபடப்படுவதையும், தமிழரும் சிங்களவரும் அங்கு ஒருங்கே வழிபடுவதையும் அது விளக்குகிறது. அவருடைய மொழிபெயர்ப்புகளும் சமயக் கட்டுரைகளும் 1937இல் தொகுக்கப்பட்டன. ஆனந்த குமாரசுவாமி பௌத்தத்தைப் பற்றியும் (1916) சிவநடனத்தைப் பற்றியும் (1918) எழுதிய ஆங்கில நூல்கள், கீழைச் சமயக் கருத்துகளை மேலைநாட்டுப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தன.

பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்தமையால் இவ்வெழுத்துகள் உலக வாசகரை எட்டிய அளவுக்குத் தமிழ் வாசகரை எட்டவில்லை. எனினும், பிறர் மறையையும் தம் மறைக்கு உரிய மதிப்போடு கற்று விளக்கலாம் என்பதைக் கொழும்பில் செய்து காட்டியதே இக்குடும்பத்தாரின் தலையாய பணியாகும்.